காலையில் மட்டும் மிஸ்ஸடித்த கார்

அட்டனில் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்றில் புதிதாக ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். காருக்குள் ஓர் இடத்தில் வயரைச் செருகினால் என்ன கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதைக் காட்டினார்கள். "ஏங்க பெரியவரே, இது ஒண்ணும் இல்லாம அந்தக் காலத்துல டைமிங் எப்புடித்தான் வச்சீங்க? குருட்டாம்போக்குலயா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு என்னவோ வரவில்லை. மெஷின் நல்ல மெஷின்தான், குறை சொல்ல நான் யார்? ஆனால் "கருப்பியோட கோளாற ஒங்க மெஷின் கண்டுபிடிச்சிருக்காதுடா" என்றேன். கருப்பி யார் என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில். அப்பா தேயிலை ஃபேக்டரியில் என்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர். இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷம் அட்டன் டவுனில் ஒரு கராஜில் சேர்ந்தேன். டயர் கழற்றினேன், கிரீஸ் அடித்தேன், திட்டு வாங்கினேன். சில வருஷத்தில் என்ஜினில் கைவைக்க விட்டார்கள். அதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது எங்கள் தலைமை மெக்கானிக் அப்புஹாமி பாஸைப் பற்றி. மெக்கானிக்கை மரியாதையாகப் 'பாஸ்' என்பது நம் நாட்டு வழக்கம். வெள்ளை பனியன், மடித்துக் கட்டிய சாரம், பல்லிடுக்கில் ஒரு தீக்குச்சி. நாங்கள் எல்லோரும் கரி பூசிக்கொண்டு நிற்போம், அவர் பனியனில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. வேலை சரியில்லை என்றால் சிங்களத்தில் "ஹரி, ஹரி" – சரி, சரி – என்று தலையை ஆட்டிவிட்டு நாம் செய்த எல்லாவற்றையும் கழற்றிப் போடுவார். சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்தப் பீடிக்காக நாங்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தோம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது குலுங்கினால் – நாங்கள் அதை 'ஸ்லோ' சரியில்லை என்போம் – எல்லா மெக்கானிக்கும் முதலில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரின் திருகாணியைத்தான் திருகுவான். அது கைக்குச் சுலபம். சும்மா திருகினால் சத்தம் கொஞ்சம் மாறும், சரியாகிவிட்டது போலத் தோன்றும், வண்டி மூன்றாவது வளைவில் நிற்கும். அதனால் அந்தத் திருகாணிக்கான சின்ன ஸ்க்ரூ டிரைவரைப் பாஸ் தன் இடுப்பிலேயே சொருகி வைத்திருப்பார். வேண்டும் என்றால் அவர் முன்னால் போய் நின்று கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

"பிளக்?"

"கழட்டிச் சுத்தம் பண்ணிட்டேன் பாஸ்."

"பாயிண்ட்?"

"தேச்சு, இடைவெளி வச்சிட்டேன்."

"டைமிங்?"

"வச்சாச்சு பாஸ்."

அப்புறம்தான் இடுப்பிலிருந்து அந்த ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். பொய் சொல்லி வாங்க முடியாது, மனுஷன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

இனிக் கருப்பி. தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய துரைக்கு, அதாவது வெள்ளைக்கார மேனேஜருக்கு, சொந்தமான கார். யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் வண்டி, உருண்டை முகம், கன்னங்கரேல் என்று இருக்கும். அதை ஓட்டியவர் ராமையா அண்ணன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், அதிர்ந்து பேசாத ஆள். அந்தக் காரை அவர் குளிப்பாட்டித் துடைக்கிற அழகைப் பார்த்துத்தான் லயத்து ஜனங்கள் அதற்குக் கருப்பி என்று பெண் பெயர் வைத்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், நவராத்திரி முடிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். கருப்பி காலையில் மட்டும் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் மிஸ்ஸடிக்கும். நின்ற இடத்தில் குலுங்கும், இருமும், அணைந்துபோகும். துரை பங்களா வாசலில் தொப்பியும் குடையுமாக நிற்பார், வண்டி அவர் முன்னால் வந்து சேராது. எப்படியாவது உருட்டிக் கிளப்பினால் தலவாக்கலை போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும். அட்டனுக்கு எங்கள் கராஜுக்கு வரும்போது ஒரு கோளாறும் இல்லாமல் சமர்த்தாக நிற்கும்.

நாங்கள் பிளக்கைப் பார்த்தோம், பாயிண்டைப் பார்த்தோம், டைமிங்கைத் திருப்பி வைத்தோம். மறுநாள் காலை அதே கதை. தலவாக்கலையில் வேறொரு மெக்கானிக்கிடம் துரை கொடுத்துப் பார்த்தார். அவன் டைமிங்கை ஒரு பக்கமும் காபரேட்டரை ஒரு பக்கமும் இழுத்து இன்னும் கெடுத்துவைத்தான்.

துரைக்கு என்ஜின் விஷயம் ஓரளவு தெரியும். அதுதான் வினையாகிப் போனது. குளிரில் ஓடாது, சூடானால் ஓடும், புகையில் ஒரு மாதிரி நாற்றம் – பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முன்னால் இருந்த டிரைவர் அந்த வேலையைச் செய்து மாட்டியும் இருக்கிறான். ஆகவே ராமையா பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். துரையே ஒரு நாள் வண்டியோடு கராஜுக்கு வந்தபோது நான் டாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாளில் ஊற்றிக் காட்டினேன். பெட்ரோல் என்றால் கறையில்லாமல் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். கறை இல்லை. துரை அதை ஏற்கவில்லை, கராஜுக்கு வருவதற்காக ராமையா நல்ல பெட்ரோலை ஊற்றிவிட்டான் என்பது அவர் கணக்கு. "நேத்து வேறே பெட்ரோல். காலையிலே வண்டி ஓடட்டும். ஓடல்லே, பத்துச்சீட்டு" என்றார்.

பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டு. அதைக் கிழித்துக் கொடுத்தால் வேலை மட்டும் போகாது. தோட்டத்து வேலை போனால் லயத்து அறையும் போகும். குடியுரிமை பிடுங்கப்பட்ட ஜனங்கள் நாங்கள், சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. பெட்ரோல் திருடன் என்ற பெயரோடு போகிறவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்கவும் மாட்டார்கள். ராமையா அண்ணன் அட்டனுக்கு பஸ் ஏறி வந்து கராஜ் வாசலில் நின்றார்.

"தம்பி, நாளைக்கிக் காலையில தொரை நுவரெலியாவுக்குப் போவணும். வண்டி நின்னா பெரட்டுலயே சீட்டக் கிழிக்கச் சொல்லிட்டாரு. நான் எடுக்கல தம்பி. மாரியாத்தா மேல சத்தியமா ஒரு சொட்டு எடுக்கல" என்றார். பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் கூட்டிப் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புகிற இடம். அத்தனை பேர் முன்னாலும் திருடன் என்று சொல்லப் போகிறார்கள்.

"கிழிப்பாரா? கிழிக்கட்டும் பாப்போம்! வாங்கண்ணே, நானே வாறேன்" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் பாஸிடம் அனுமதி கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்புஹாமி பாஸ் தீக்குச்சியை வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றினார். "வண்டி சூட்டுல இங்க வருது. நாம சூட்டுலயே பாக்குறோம். நீ குளுருல பாரு" என்றார். பிறகு இடுப்பிலிருந்து அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் வைத்தார். கணக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று இரவு பங்களா கராஜில் கருப்பிக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தேன். விடியுமுன் ராமையா அண்ணன் வந்து எழுப்பினார். வெளியே மூடுபனி கையால் அள்ளலாம் போல இருந்தது. காற்று அடிக்கிறது என்று அவர் கதவை முக்கால்வாசி சாத்தியிருந்ததால் உள்ளே நல்ல இருட்டு. "சோக்க இழுத்து ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு பானட்டைத் தூக்கினேன். விளக்கைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை. அகப்படாததும் நல்லதாயிற்று.

என்ஜின் பிடித்தது. குலுங்கியது, இருமியது. அந்த இருட்டில் என்ஜினின் பக்கவாட்டில் நீலமாக ஏதோ ஊர்ந்தது. பொட்டுப் பொட்டாக மின்னி, கோடு கோடாக இழுத்து ஓடியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் கருப்பு மூடி மேல்தான் அந்த விளையாட்டு.

இறங்கி வந்து எட்டிப் பார்த்த ராமையா அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "ஆத்தா! தம்பி, சாமி தெரியுதுப்பா!"

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல! கரண்டு ஓடுதுண்ணே!" என்று கத்தினேன். என்ஜினை நிறுத்திவிட்டு விளக்கைக் கண்டுபிடித்து அந்த மூடியைப் பார்த்தேன். மூடியின் தலையில் பிளக் வயர்கள் சொருகும் நாலு கொம்பு, நடுவில் ஒரு கொம்பு. ஒவ்வொரு கொம்புக்கும் இடையில் கனமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஈரப் பனியில் ஊறிக் களியாக இருந்தது. கொம்புக்குக் கொம்பு பாலம் போட்டது போல அப்பியிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டு அந்த ஈரச் சந்தனத்தின் வழியாகப் பக்கத்துக் கொம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் சூட்டில் சந்தனம் காய்ந்ததும் வழி அடைபடும், வண்டி சமர்த்தாகிவிடும். மறுநாள் பனியில் மறுபடியும் ஊறும்.

ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் பொட்டு வைப்பது வழக்கம். எங்கள் கராஜில் ஸ்பேனர், வைஸ், பேட்டரி எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. அதனால் எங்கள் கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படவில்லை. அப்புஹாமி பாஸும் அந்த மூடியைக் கையில் எடுத்திருக்கிறார், சாமி காரியம் என்று ஓரத்தைப் பிடித்து எடுத்து ஓரத்தைப் பிடித்து மாட்டியிருக்கிறார். ஆனால் ஒரு நாள் பொட்டு இவ்வளவு கனம் இருக்காதே?

"ஏண்ணே, எத்தன தடவ வச்சீங்க?"

"பூசைக்கு ஒருக்கா வச்சேன். அப்பறம் வண்டி மக்கர் பண்ணிச்சா, என்னமோ சாமி குத்தம்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வச்சேன். நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்பறம் கொஞ்சம் தூக்கலாவே வச்சேன்" என்றார்.

அட கருமமே! வண்டி இரும இரும மனுஷன் வேண்டிக்கொண்டு சந்தனத்தை அப்பியிருக்கிறார், சந்தனம் ஏற ஏற வண்டி இருமியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. துணியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. சாமி பொட்ட அழிக்காதீங்க. வேல போனாப் போவுது, இதயும் அழிச்சா என் குடும்பம் வெளங்குமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கன்னாபின்னா என்று கத்தினேன். அவர் பிடியை விடவில்லை. வெளியே பெரட்டுக்குக் கொம்பு ஊதிவிட்டார்கள். துரை வருவதற்கு அதிக நேரம் இல்லை.

அப்போதுதான் அவர் மனைவி லெச்சுமி மதினி எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார். கூடை தலையில் இல்லை, கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற உடுப்பும் இல்லை. என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். அவர் மூடியைக் கையில் வாங்கி விளக்கில் பார்த்தார்.

"ஏங்க, தெனமும் காலையில மூஞ்சி கழுவுறேன். நெத்திப் பொட்டு அழியுதா இல்லியா?"

"அழியுது."

"அதுக்காவ ஒங்களுக்கு ஏதும் ஆயிருச்சா? குளிச்சிட்டுப் புதுசா வைக்கிறேன்ல? இதுவும் குளிக்கட்டும். புதுப் பொட்டு மூஞ்சியில வைங்க, மண்டக்குள்ள யாராச்சும் வைப்பாங்களா?" என்றார். கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி அழுத்தித் துடைத்துவிட்டார். ராமையா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வானம் இடிந்து விழவில்லை.

அதன் பிறகு என் வேலை. சந்தனத்துக்கு அடியில் கரண்டு ஓடிய தடம் கரிக் கோடாகப் படிந்திருந்தது. அதை விட்டால் துடைத்தும் பயனில்லை, கரி வழியாகவே கரண்டு ஓடும். கத்தி முனையால் சுரண்டினேன். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். வயர்களையும் துடைத்தேன்.

இனிமேல்தான் டைமிங், அதாவது பிளக்கில் எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்று வைப்பது. ஆளாளுக்கு இழுத்துவைத்ததில் அது எங்கேயோ இருந்தது. முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். "ஹேண்டலப் போட்டு மெதுவா சுத்துங்கண்ணே" என்றேன். காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் மேலே வருகிறது என்று அர்த்தம். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்துங்க!" என்ஜினின் முன்பக்கம் அதோடு சேர்ந்து சுற்றும் கப்பியில் உள்ள கோடு என்ஜினில் உள்ள குறிக்கு நேராக வந்து நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தினேன். சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாள் ஒன்றை, திறக்கும்போது பொறியை எழுப்புகிற இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் கொடுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். பாயிண்ட் மூடியிருக்கிற வரைக்கும் தாள் வராது. திறக்கிற அந்தக் கணத்தில் வழுக்கிக்கொண்டு வரும். வந்தது. அங்கேயே இறுக்கவில்லை. மலையில் காற்று மெல்லிசு, கீழ்நாட்டில் வைக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால் வைத்தால்தான் ஏற்றத்தில் இழுக்கும் என்பது பாஸ் கணக்கு. அந்த ஒரு நூலையும் வைத்து இறுக்கி, மூடியையும் பிளக்கையும் திருப்பி மாட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, மிஸ்ஸடி இல்லை, வேகம் மட்டும் கூடக்குறைய இருந்தது. என்ஜினைச் சூடேற விட்டு, அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிளக், பாயிண்ட், டைமிங் என்று எனக்கு நானே ஒப்பித்துக்கொண்டு காபரேட்டர் திருகாணியைத் தொட்டேன். கால் சுற்று உள்ளே. சத்தம் மெலிந்தது. வெளியே கொஞ்சம். நிமிர்ந்தது. வேகத் திருகாணியைத் தளர்த்தித் தளர்த்தி, இதற்கு மேல் தளர்த்தினால் அணைந்துவிடும் என்கிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். கருப்பி அணையவில்லை. குலுக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆஹா, அந்தச் சத்தம்! சத்தம் என்று சொல்லவே கூடாது.

ராமையா அண்ணன் வண்டியை மெதுவாகப் பங்களா வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். என்ஜினை அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இறங்கி, டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரட்டிலிருந்து தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு ஐயாவும் வந்து நின்றார். சீட்டுக் கிழிக்கச் சொன்னால் கிழிக்க வேண்டியவர் அவர்தான்.

துரை வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வண்டி நின்னு போச்சு?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் விறுவிறு என்று படியிறங்கி, தானே முன்சீட்டில் ஏறி, ஸ்டார்டரை இழுத்தார்.

கர்ர்ர்ர்ர்!

ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினில் ஸ்டார்டரை இழுத்தால் பல்லோடு பல் உரசும். அந்த அலறலில் கண்டாக்கு ஐயா இரண்டு எட்டு பின்னால் போனார். துரை சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை எடுத்தார்.

"ஓடிக்கிட்டுத்தாங்க தொரை இருக்கு" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டேன்.

அவர் இறங்கி பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். காது சிவந்தது. என்ன கோளாறு என்று கேட்டார், சொன்னேன். சந்தனம் என்றதும் புருவத்தைத் தூக்கினார். சுரண்டிய மூடியை பானட்டைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். விஷயம் தெரிந்தவர், உடனே புரிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை.

"மண்ணெண்ணைன்னு சொன்னீங்களே தொரை?"

கண்டாக்கு ஐயா என்னை முறைத்தார். துரை முறைக்கவில்லை. கண்டாக்கு பக்கம் திரும்பி, பெரட்டுக் களத்துக்கே கேட்கும்படி, "மண்ணெண்ணே இல்லே. நான் தப்பு. ராமையா என் டிரைவர்" என்றார். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ராமையா, தொப்பி போடு. நுவரெலியா போ" என்றார்.

ராமையா அண்ணன் தொப்பியைத் தலைகீழாக மாட்டி, திருப்பி மாட்டி, வண்டியை எடுத்தார். கொழுந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ரோட்டோரம் ஒதுங்கி நின்று, "என்னடி இது, கருப்பி சத்தமே இல்லாமப் போறா!" என்று கூவினார்கள். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. என் மனைவி இதைப் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

மறுநாள் பாஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசிவரை கேட்டார். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி இடுப்பில் சொருகினார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஆயுத பூஜையிலிருந்து எங்கள் கராஜுக்கு வந்த எந்த வண்டிக்கும் பொட்டு ரேடியேட்டர் மூஞ்சியில்தான்.

அன்று காலை வண்டி நுவரெலியாவுக்குப் போன பிறகு லெச்சுமி மதினி என்னைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று லயத்துக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் திகைத்துப்போனேன். அடுப்பு மேலே ஒரு சட்டி இல்லை. சுவரில் சாமி படம் இல்லை. மூலையில் புடவையில் கட்டிய நாலைந்து மூட்டைகள் இருந்தன, அவற்றின் மேல் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடும் என்று முதல் நாளே வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அவர் மலைக்குப் போகிற உடுப்பில் வரவில்லை.

மதினி பிள்ளைகளைத் தட்டி எழுப்பி நகர்த்தினார். ரொட்டிக்கல் பெரிய மூட்டையின் அடியில் இருந்தது. முடிச்சு இறுகிப்போயிருந்தது. நான் கத்தியை எடுத்தேன்.

"அறுக்காதீங்க தம்பி, நல்ல சீல. கட்டினவ நான்தானே, நானே அவுக்கிறேன்" என்று பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கல்லை எடுத்து அடுப்பில் வைத்து, விறகைத் தள்ளி ஊதினார்.

"எத்தன ரொட்டி திம்பீங்க?"

"சுட்டுக்கிட்டே இருங்க மதினி," என்றேன். "நான் போதும்னு சொல்றப்ப நிறுத்தலாம்."